கூரையில் பரவிய வெளிச்சம்

மருத்துவர் நூர்ஜஹான் விளக்கை அணைத்ததும் தலையில் மாட்டிய கருவி வழியே ஜெனிட்டாவின் மனம் அந்த அறையின் கூரை முழுவதும் ஒளிப்படமாய் விரிந்தது. நினைவு மிஞ்சிய இடங்கள் மின்னும். அழிந்த இடங்கள் இருண்டு கிடக்கும். தூத்துக்குடி வீடு, அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூடம், மகன் ஆரோன் என்று மருத்துவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகளே மினுங்கின. கடைசியாக அவள் கணவர் பெயரைச் சொன்னார்.

"செல்வின்."

ஒரு புள்ளிகூட எரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வின் இருண்ட கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களாப்பா?" என்றான் ஆரோன். "உங்கள யாரோன்னு நெனச்சுப் பயப்படுறாங்க. அம்மாவ முதியோர் இல்லத்துல சேத்துருவோம்."

கிளம்ப எழுந்த செல்வின், ஜெனிட்டாவின் செருப்பு வார் கழன்றிருப்பதைப் பார்த்து, குனிந்து பாதத்தைப் பிடித்து மாட்டிவிட்டார்.

"அப்பா! மேல பாருங்க!"

அண்ணாந்தார். ஒரு மூலையில் பற்றிய ஒளி மளமளவென்று கூரையெங்கும் பரவி, எல்லார் முகத்திலும் வெயிலாய் விழுந்தது.

"கைய எடுத்துராதீங்க சார்," என்றார் மருத்துவர். "பேரும் முகமும் போயிருச்சு. ஆனா உங்க கைய அவங்க மறக்கவே இல்ல."

ஜெனிட்டா கூரையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"யாரு அண்ணாச்சி நீங்க?"

தினமும் அவரை ஒடித்துப்போட்ட கேள்வி அது. இன்று செல்வின் சிரித்தார்.

"உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தவன்மா."

"அப்ப வாங்க, போவோம்," என்று அவள் கையை நீட்டினாள்.