தொம்மையின் துண்டு

கப்பல் சமையல்காரர் தொம்மை தூத்துக்குடி வீட்டில் முப்பது வருடமாகக் கேனரிக் குருவி வளர்க்கிறார். எலுமிச்சம்பழ மஞ்சள் நிறம் அதற்கு. மத்தியானம் தூங்க விடாமல் பாடினால் கூண்டின்மேல் ஒரு துண்டைப் போடுவார், பாட்டு நின்றுவிடும். கப்பல் அந்தக் குருவியின் பூர்வீகமான கேனரித் தீவில் நின்ற காலையில், காட்டில் ஒன்றிரண்டாவது மிச்சம் இருக்குமா என்று பார்க்க, இன்ஜின் அறை லூர்தையாவோடு பைன் மரங்கள் அடர்ந்த மலை ஏறினார். மஞ்சள் நிறம் எங்குமே இல்லை.

"எல்லாம் அழிஞ்சு போச்சுல," என்றார்.

லூர்தையா எதிரே வந்த வனக்காவலரிடம் சைகையில் விசாரித்துவிட்டுக் கிளையைக் காட்டினான். பாசிப் பச்சையில் பழுப்புக் கோடு விழுந்த சின்னக் குருவி. "அண்ணாச்சி, அதுதானாம் காட்டுக் கேனரி. நம்மூரு காக்கா கணக்கா ஆயிரமாயிரமா கெடக்காம்."

குருவி வாய் திறந்தது. வீட்டுக் கூண்டில் கேட்கும் அதே பாட்டு. அடுத்த மரம் அதை எடுத்தது. பிறகு மலை முழுக்கப் பாடியது. லூர்தையா ஏதோ சொன்னது காதில் விழவில்லை. பழக்கதோஷத்தில் தொம்மையின் கை தோள் துண்டை உதறி விரித்தது. எதன்மேல் போடுவது?

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டு, போனை மரங்களை நோக்கி நீட்டினார்.

"ஜெனோவா, அங்க மத்தியானம்லா, கூண்டு மேல நீ போட்டிருக்க துண்ட எடு, போன கூண்டுகிட்ட வை. நம்மது பாடுதா?"

"பாடல," என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "தலையச் சாச்சிக் கேட்டுக்கிட்டு இருக்கு."