பொம்மை லாரி

வளைவைத் தாண்டியதும் எதிரே ஒரு லாரி வந்தது. ஆனந்தன் சட்டென்று விளக்கைத் தணித்தான். லாரி உரசாமல் கடந்து போன பிறகுதான் மறுபடி முழு வெளிச்சம் போட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜேந்திரன் தொடையில் தட்டிச் சிரித்தான். "இன்னா மச்சான், கம்ப்யூட்டர் லாரிக்குப் போயி டிம் அடிக்கிற? அத ஓட்றவனுக்குக் கண்ணா கீது?"

"கை தானா போவுது மாப்ள" என்று ஆனந்தன் கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். திருப்போரூரில் மனை விற்கும் ராஜேந்திரன் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்தது. "வா மச்சான், இதுக்கு லைசென்ஸ் வேணாம்" என்று அவன்தான் மைத்துனனை அதன் முன்னால் உட்கார வைத்திருந்தான்.

ரேணுகா ஒரே ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்தாள். அதைக் கணவன் ராஜேந்திரன் பக்கமாக வைத்தாள். அண்ணன் வந்ததிலிருந்து அவனிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷமாகவே பேச்சில்லை.

போன வருஷம் ஓர் இரவு, ஆண்கள் இருவரும் ராஜேந்திரனின் காரில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பினார்கள். காரில் வேறு யாரும் இல்லை. நெம்மேலிக்கு அருகே, சைக்கிளில் எதிரே வந்த ஏசுபாதம் என்பவரைக் கார் தூக்கி எறிந்தது.

அவருக்கு ஒரு கால் போயிற்று. பஸ் டிரைவரான ஆனந்தனுக்கு லைசென்சும் வேலையும் போயின. நாளைக்குச் செங்கல்பட்டு கோர்ட்டில் தீர்ப்பு. ஜெயிலுக்குத் தயாராக வரும்படி வக்கீல் சொல்லியிருந்தார்.

"ரேணு, நாளைக்கு ஒரு தபா கோர்ட்டாண்ட வாம்மா" என்றான் ஆனந்தன். "உன் மூஞ்சியப் பாத்துட்டு உள்ள போறேன்."

"எதுக்கு வரணும்?" என்றாள் ரேணுகா. "அவுரு உன்ன நம்பித்தான வண்டியக் குடுத்தாரு? ஏசுபாதம் கூண்டுல ஏறி இன்னா சொன்னாரு? மூஞ்சி மேல ஃபுல் லைட்ட அடிச்சிகினே வந்தாங்க, தணிக்கவே இல்ல, ரோடும் தெரியல ஓரமும் தெரியலன்னு அழுதாரே!"

ஆனந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மனுசனுக்கு அடிக்காத டிம்ம, பொம்ம லாரிக்கு அடிக்கிறியா?"

"வுடு ரேணு" என்றான் ராஜேந்திரன். "சாவியக் குடுத்தது என் தப்பு."

ஆனந்தன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான்.

"தள்ளு. ஐயா ஓட்றதப் பாரு" என்று ராஜேந்திரன் உட்கார்ந்தான். திரையில் இருட்டுச் சாலை முழு வெளிச்சத்தில் விரிந்தது. வேகம் ஏறியது. தூரத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

"லாரி வருது. டிம் அடி மாப்ள" என்றான் பின்னால் நின்ற ஆனந்தன்.

ராஜேந்திரன் காதில் வாங்கவில்லை. புள்ளிகள் பெரிதாயின.

"டிம் அடி மாப்ள... கிட்ட வந்துட்டான், டிம் அடி!" ஆனந்தன் தன்னையறியாமல் அவன் தோளைப் பிடித்துக் குனிந்தான்.

ராஜேந்திரன் எரிச்சலுடன் திரும்பினான். அந்த நொடியில் லாரி மோதியது. திரை சிவந்து நின்றது.

கீபோர்டை ஓங்கித் தட்டிவிட்டு அவன் கத்தினான்.

"அன்னிக்கும் இப்டித்தான்... டிம் அடி, டிம் அடின்னு காதாண்ட கத்தி என்ன முட்ட வெச்ச!"