பச்சைப் பெயிண்டுக்குக் கீழே

பழைய சைக்கிள் வாங்கும் கடைக்காரர் அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல்களுக்கு நடுவே பச்சைப் பெயிண்டைச் சுரண்டுகிறார். வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொண்ட அண்ணன், தங்கைக்கென்று கொடுத்தது இது ஒன்றைத்தான். வாசல் வெயிலில் அவன் செல்போனைத் தடவிக்கொண்டு நிற்கிறான்.

"பழைய ஃபிரேம்னா இந்த இடத்துல நம்பர் குத்தியிருப்பாங்கம்மா. இதுல இல்ல. வெல்டிங்கும் புதுசு. ஹேண்டில்பார் மட்டும்தான் அந்தக் காலத்துது."

பெயிண்ட் தூள் அவள் செருப்பில் உதிர்கிறது. கவிழ்ந்த சக்கரம் டிக் டிக்கென்று தானாகச் சுற்றுகிறது.

"அப்பாவோட ஃபிரேம் எங்க போச்சுண்ணா?"

"துருப்பிடிச்ச இரும்புக்குப் போயி இத்தனை கேள்வியா..." என்று இழுத்தவன் தெருவைப் பார்க்கிறான்.

அவள் கடைக்காரரிடம் திரும்புகிறாள்.

"ஹேண்டில்பாரை மட்டும் கழட்டிக் குடுங்க. மிச்சமெல்லாம் அண்ணனோடது."