டெஸ்கில் முளைத்த தோழி

புதுப் பள்ளியில் எழில்மொழியின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அனிமே கார்ட்டூன் பைத்தியம் என்று பேர் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். கடைசி டெஸ்கில் பெரிய கண்ணும் நீல முடியுமாக ஒரு பெண்ணை வரைந்து, "தனியா கீறேன்" என்று கீழே எழுதினாள்.

மறுநாள் படத்தில் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி சுருட்டை முடிக்காரி ஒருத்தி நின்றாள். "உன்கூட நான் கீறேன்ல" என்று கோணல் எழுத்து.

கதை தினமும் வளர்ந்தது. வரைவது யார் என்று வகுப்பில் யாரைக் கேட்டாலும், "நான் இல்லப்பா" என்றார்கள்.

"உன் தோஸ்து இன்னிக்கி இன்னா வரைஞ்சா?" என்று வீட்டில் அம்மா பச்சையம்மா ஆசையாகக் கேட்பாள்.

ஒருநாள் எழில் எழுதினாள்: "சாப்பாட்டு மணிக்கு என்னாண்ட வந்து குந்து."

பதில் வந்தது: "ஆசதான். ஆனா வரக்கூடாதாம்."

ஞாயிறு காலை அம்மா வாசலில் புள்ளி வைத்து, கை எடுக்காமல் வளைத்து வளைத்துக் கோலம் இழுத்தாள். டெஸ்கில் இருந்த தோழியின் சுருட்டை முடிக்குள்ளும் அதே புள்ளிகள், அதே வளைவுகள்.

"அம்மா, நாளைக்கி ஸ்கூல்ல என்கூட துன்ன வர்றியா?"

பச்சையம்மா தலை நிமிரவில்லை.

"ஸ்கூல் கூட்டுற ஆயாதான் உன் அம்மான்னு யாராண்டயும் காட்டிக்கக் கூடாதுன்னு நீதான கண்ணு சொன்ன?"