ஒரு தும்மலுக்கு நூறு

முகக்கவசத்துக்குள் மூக்கு குறுகுறுத்தது.

மரத்தூள்தான் என்று அண்ணன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். தச்சுப் பட்டறைப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்தே ஒரு மாதமாகிறது. அது மூக்குக்குத் தெரியாதா என்ன?

சளி, இருமல் உண்டா என்று நர்ஸ் வாசலில் கேட்டபோது, கூசாமல் இல்லை என்றிருந்தான். தங்கையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க இன்றுதான் அனுமதி கிடைத்திருந்தது. விட மனம் வரவில்லை.

கட்டிலில் அவள் பாதி ஆளாகக் கிடந்தாள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து, அவள் உடம்பின் காவலையும் சேர்த்தே துடைத்துவிட்டிருந்தது. பிறகு ஏற்றிய எலும்பு மஜ்ஜை இவனுடையது. அது பிடித்துப் புது ரத்தம் ஊறும்வரை சாதாரண ஜலதோஷமே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"என்னண்ணா, மூஞ்சி அஷ்டகோணலா போகுது?"

பதில் சொல்ல வாய் திறந்தவன், தும்மிவிட்டான்.

"நூறு!" என்றாள் தங்கை, பழக்க தோஷத்தில்.

சின்ன வயதிலிருந்தே அவர்களுக்குள் அப்படித்தான். ஒருவர் தும்மினால் மற்றவர் நூறு வயது கொடுக்க வேண்டும். அடுத்த தும்மலுக்கு இருநூறு. சொல்ல மறந்தால் வீடு இரண்டுபடும்.

சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்தது. போர்வையை மெல்ல மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் வெளியே ஓடி நர்ஸிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

இரண்டு நாள் கழித்து, கட்டடத்துக்கு வெளியே சன்னல் கண்ணாடியின் இந்தப் பக்கம் நின்றான். இனி அவனுக்கு அனுமதி இதுவரைதான். தொண்டை கட்டி, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மரத்தூள் இல்லை.

தங்கை அவனைப் பார்த்துக் கையசைத்தாள். அசைத்த கை பாதியில் நின்றது. கண்கள் மூடின. தோள் ஒருமுறை குலுங்கியது. கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வரவில்லை.

"நூறு" என்றான்.

மறுபடியும் குலுங்கியது.

"இருநூறு."

உள்ளே நர்ஸ் ஓடிவந்து அவள் நெற்றியில் கை வைத்தாள். உடனே யாரையோ கூப்பிட்டாள்.

மூன்றாவது தும்மலுக்கு அண்ணனின் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

தங்கை நர்ஸின் கையை விலக்கினாள். அவனைப் பார்த்து மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டி, சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினாள்.