வலது பக்கம் மலை

“மலை எந்தப் பக்கம் இருக்கு?” தலையைத் திருப்பாமலே கேட்டான் முபின்.

“வலது பக்கம்,” என்றாள் பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்த ரூபீனா.

“அப்ப வழி கரெக்ட்.”

வேங்கிக்காலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதிலிருந்து அவன் இதை எத்தனை தடவை கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. கல்யாணமான புதுசு. புது மனைவிக்கு முன்னால் வழி தப்பினால் மானம் போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டமும் ஒன்று இருந்தது.

முபினுக்குத் தேரடித் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. கடையை விட்டால் சைக்கிள். தினமும் விடிந்ததும் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று போய்விட்டு வந்துதான் ஷட்டரைத் தூக்குவான். அடுத்த மாதம் அவனுடைய சைக்கிள் குழு தென்பெண்ணை ஆற்றை ஒட்டியே கடலூர் வரை டூர் போகிறது. ரூபீனாவும் வரவேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை.

ரூபீனா ஒரு கண்டிஷன் போட்டாள். “முதல்ல என்னை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. யாரையும் வழி கேக்கக் கூடாது. தப்பா போயிட்டீங்கன்னா டூர் கிடையாது. லீவுக்கு ஆம்பூர், எங்க அம்மா வீடு.”

ஆம்பூரில் பிரியாணி உண்டு, மரியாதை உண்டு. ஆனால் மச்சான்களுக்கு நடுவில் சோபாவில் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நினைக்கும்போதே முபினுக்குக் கால் மரத்துப்போனது.

“ஆத்துக்கு நான் எத்தினி வாட்டி போயிருக்கேன் தெரியுமா?” என்றான் வீராப்பாக. போனது நிஜம்தான். போனபோதெல்லாம் குழுத் தலைவர் சுப்பிரமணியின் பின் சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு போனதை அவன் சொல்லவில்லை. மேப் பார்த்து ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்று செல்போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டான்.

ஊரைத் தாண்டியதும் ஒரு கூட்டு ரோடு வந்தது. ரூபீனா பிரேக் பிடித்தாள். “நேரா போகணுமா?”

முபின் மலையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். “நேரா போனா மலை முதுகுக்குப் பின்னாடி போயிடும். அது பஸ் போற வழி. நாம இப்படிக்கா திரும்புவோம்.”

ரூபீனா தோள்பையைத் திறந்து தண்ணீர் குடித்தாள். பாட்டிலை உள்ளே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“சரிங்க, உங்க இஷ்டம். போங்க.”

அப்புறம் அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே பாதை இறங்கியபோது அவள் பெடலிலிருந்து இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கத்தியபடி அவனை முந்திப் போனாள். எதிரே வந்த வாத்துக் கூட்டத்துக்கு மணியடித்து வழி விட்டாள். பாதை பிரிந்த இடத்திலெல்லாம் முபின் அண்ணாந்து மலையைப் பார்த்தான், ஹேண்டிலைத் திருப்பினான். அவள் கேள்வி கேட்காமல் பின்னாலேயே திரும்பினாள்.

ஒரு மேட்டில் ஏறியதும் முபின் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு நின்றான்.

“ஆறு,” என்றான், கையை நீட்டிக் காட்டி.

மழைக்காலம் முடிந்த சமயம். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர் தளும்பி நின்றது. இதற்கு முன் அவன் போனதெல்லாம் கோடையில்தான், அப்போது மணலைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. இன்றைக்கு ரூபீனாவுக்காகவே வந்ததுபோல் இத்தனை தண்ணீர். இருவரும் காலை நனைத்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்தார்கள். சிரித்துச் சிரித்து ரூபீனா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எதுக்கு இப்படிச் சிரிக்கற?”

“சந்தோசமா இருக்குங்க, அதான்.”

“வந்த வழியே திரும்பலாமா?” என்று பிறகு அவள் கேட்டாள்.

“போர் அடிக்கும். வேற வழி எனக்குத் தெரியும்.”

திரும்பும்போதும் மலை வலது பக்கமாகவே துணைக்கு வந்தது. முபின் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தான். வேங்கிக்காலுக்கு வந்து சேர்ந்தபோது தெருமுனைக் கடையில் காலை டிபன் இன்னும் முடியவில்லை.

“மதியம் ஆயிடும்னு நெனச்சேன்,” என்றாள் ரூபீனா.

“ரிட்டர்ன்ல எப்பவும் தூரம் கம்மியா தெரியும்,” என்றான் அனுபவஸ்தனாக.

பூட்டைத் திறக்கும்போதே ரூபீனாவின் தோள்பைக்குள் போன் அடித்தது. ஆம்பூரிலிருந்து அம்மா. முபின் வாசலிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

“பாத்தாச்சும்மா. தண்ணின்னா அவ்ளோ தண்ணி. இல்லம்மா, யாரையும் வழி கேக்கல. என்னா ஜோரா கூட்டிட்டுப் போனாரு தெரியுமா? லீவுக்கு நாங்க ஆம்பூர் வரலம்மா, டூர் போறோம்.”

முபினுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் போனை வைத்ததும் ஷூவைக் கழற்ற மறந்து வீட்டுக்குள் ஓடினான். “சொன்னேன்ல? எனக்குத் தெரியாத வழியே இந்தப் பக்கம் கிடையாது.”

ரூபீனா அவன் நெற்றி வியர்வையைத் துப்பட்டா முனையால் ஒற்றினாள்.

“அந்த ஏரி நல்லா இருந்துச்சுங்க, ஆத்துக்கு அடுத்த வாரம் நான் கூட்டிட்டுப் போறேன்.”