இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்

"இது பதினாலாவது தடவைம்மா. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு எடுக்கறீங்க!"

எடுத்த எடுப்பிலேயே அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், 'சரிதான், இன்றைக்கு ஏழரை இங்கேதான் ஆரம்பம்' என்று முனகியபடி மார்க் போடும் படிவத்தைத் திறந்தான்.

அந்தக் கால் சென்டரில் அவனுக்குப் பெயர் 'காது'. வெளியே அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேசுவார்கள். யார் பேசுவதை எப்போது ஒட்டுக்கேட்பான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அறுபது பேரும் எந்நேரமும் அவன் கேட்பதாகவே நினைத்துக்கொண்டு பேசினார்கள். கம்பெனிக்கு வேண்டியதும் அதுதானே!

இப்போது அவன் காதில் இருந்தது பதினேழாம் நம்பர் பெண். பாவம், ஏற்கெனவே இரண்டு மஞ்சள் சீட்டு வாங்கியவள். வாசலில் பூட்டி வைத்த செல்போனைப் பார்க்க வேலை நடுவில் எழுந்து போனதற்கு ஒன்று. வீடு தீப்பிடித்துவிட்டது என்று சொன்ன வாடிக்கையாளரிடம் 'அய்யய்யோ' என்று சொன்னதற்கு இன்னொன்று. கம்பெனி எழுதிக் கொடுத்த வசனத்தில் 'அய்யய்யோ' கிடையாது.

மூன்றாவது சீட்டு விழுந்தால் அன்றைக்கே அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். லைனில் சொந்தக் கதை பேசினால் சீட்டெல்லாம் கிடையாது, நேரே வாசல். அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது என்று கேண்டீனில் பேசிக்கொள்வார்கள்.

"வணக்கம் மேடம். காத்திருந்தமைக்கு நன்றி. நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. காது அரை மார்க் குறைத்தான்.

"நெட் கனெக்‌ஷன வெட்டணும்மா."

"யார் பெயரில் உள்ளது, மேடம்?"

"வீட்டுக்காரர் பேர்ல."

முகவரி கேட்க வேண்டிய இடம் இது. அவள் கேட்கவில்லை, ஆனால் திரையில் கதவு எண் உட்பட எல்லாம் ஏறியிருந்தது. கம்ப்யூட்டரே எடுத்துக் கொடுத்திருக்கும் என்று அவன் விட்டுவிட்டான்.

"இணைப்பைத் துண்டிக்க உங்கள் கணவர்தான் பேச வேண்டும், மேடம்."

"அவர் எங்கம்மா பேசறது? காலைல பத்தே காலுக்குப் போயிட்டார்."

காது நிமிர்ந்து உட்கார்ந்தான். புருஷன் போன அன்றைக்கே நெட்டை வெட்டச் சொல்லிப் போன் போடுகிறாளே மகராசி! உலகத்தில் எத்தனை விதமான ஆட்கள்.

பதினேழாம் நம்பர் வாயைத் திறக்கவில்லை. படிவத்தின் மூலையில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. நான்கு விநாடிக்கு மேல் பேசாமல் இருந்தால் மஞ்சள் சீட்டு.

ஒன்று. இரண்டு. 'பேசு தாயே, எதையாவது பேசித் தொலை' என்று காது மனசுக்குள் கெஞ்சினான். அவன் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் அவன் போடும் மார்க்கைச் சரிபார்க்க மேல்மாடியில் இன்னொரு காது உண்டு, அது யார் என்று அவனுக்கே தெரியாது. சும்மா விட்டால் அவன் சீட்டு கிழிந்துவிடும்.

மூன்றரையில் அவள் குரல் வந்தது.

"உங்கள் இழப்புக்கு எங்கள் நிறுவனத்தின் ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறோம், மேடம். இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பினால் மூன்று வேலை நாட்களில் இணைப்பு துண்டிக்கப்படும்."

அட்சரம் பிசகவில்லை. 'என்ன பெண்ணடா இவள், நெஞ்சில் கொஞ்சமாவது ஈரம் வேண்டாமா?' என்று நினைத்துக்கொண்டே முழு மார்க் போட்டான்.

"கஷ்டப்படலம்மா அவரு. தூக்கத்துலயே போயிட்டார்" என்றாள் அந்த அம்மாள். "இதெல்லாம் இங்க பேசக்கூடாதுன்னா சொல்லிடும்மா, வெச்சிடறேன்."

"சொல்லுங்கள் மேடம், கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

இதுவும் வசனத்தில் இருப்பதுதான். காது ஒரு டிக் அடித்தான்.

"உங்க ஆபீஸ் எத்தன மணி வரைக்கும்மா?"

"மாலை ஆறு மணி வரை, மேடம்."

"அதுக்கு முன்னாடி ஒண்ணும் பண்ண முடியாதா?"

"விதிமுறைப்படி முடியாது, மேடம். மன்னிக்கவும்."

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது, குச்சி மாதிரி நேராக. நிமிர்ந்து உட்காருவதற்கு இரண்டு மார்க் உண்டு, அதையும் போட்டான். இந்த ஒரு அழைப்பு போதும், இந்த மாதம் இவள் தப்பித்துவிடுவாள் என்று அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இனி கடைசி வசனம் ஒன்றுதான் பாக்கி.

"வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா, மேடம்?"

அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"வேண்டாம்டி. மூணு மணிக்கு மேல அப்பாவ வெச்சிருக்க முடியாதாம், யார் கால்ல விழுந்தாவது கேட்டுட்டு வந்துடு."